மொட்டு கிள்ளிய மருமகளார் பொருட்டுக் குன்றநாட்டு வேந்தருக்கு

மங்கலம் பெருகுக. மேகம் தங்கும் மலைகளுக்கும் அவற்றின் நிழலில் வாழும் குடிகளுக்கும் காவலரான குன்றநாட்டு வேந்தர் இளவேழனார் திருமுன்புக்கு, கருவயல்நாட்டு அரசமாதா உலகுடையாள் ஆணைப்படி ஓலைநாயகம் நக்கன் சாத்தன் எழுதும் ஓலை. தங்கள் நாட்டில் மழையும் நலமும் குறையாதிருக்க.

தங்கள் திருமகளும் எங்கள் இளவரசரின் தேவியுமான சீர்மங்கையாரை அழைத்துப்போகத் தாங்கள் அனுப்பிய பல்லக்கு வந்து சேர்ந்தது. மணமகள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவரும் செடியின் முதல் மலரைக் குலதெய்வத்துக்குச் சாத்திய பின்னரே அவள் இவ்வீட்டவள் ஆவாள் என்பது எங்கள் மரபு. தங்கள் மகளாரோ, தாம் கொண்டுவந்த இளமஞ்சள் ரோஜாவில் அரும்பிய மொட்டுகளையெல்லாம் தம் கையாலேயே கிள்ளி எறிந்தார். அந்தப்புரம் சும்மா இருக்குமா? இங்கே வாழ அவருக்கு மனமில்லை என்று கதை கட்டிற்று. அக்கதை மலையேறித் தங்கள் செவிக்கும் எட்டியது.

அரசமாதாவுக்கும் நெஞ்சு கலங்கிற்று. மருமகளார்மேல் அத்தனை பிரியம். பல்லக்கு வாயிலில் நிற்க, தாமே தோட்டத்துக்குச் சென்று, போக விருப்பமானால் தடையில்லை என்று கண்ணீரோடு உரைத்தருளினார். அதற்குச் சீர்மங்கையார், புது மண்ணில் வைத்த இளஞ்செடியை உடனே பூக்கவிட்டால் வலுவெல்லாம் பூவுக்கே போய் வேர் மெலியும் என்றும், நாளையே புறப்படுகிறவள் மொட்டை மலரவிட்டுச் சூடிக்கொண்டு போவாள், காலமெல்லாம் இருக்கப்போகிறவளே மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளுவாள் என்றும் விடையிறுத்தார். அரசமாதா அவரை மார்போடு அணைத்துக்கொண்டார்.

தைப்பனியில் மருமகளார் கிள்ளுவதை நிறுத்தினார்; செடி பூத்தது. உறைந்த நெய்யின் நிறம். நடுவில் அடர்ந்து விளிம்பில் வெளுக்கும் இதழ்கள், அடுக்குமேல் அடுக்கு. மணமோ மடைப்பள்ளிவரை சென்று சமையற்காரரை உலையை மறக்கச் செய்தது. முதல் மலர் குலதெய்வத்தின் முடியில் ஏறியது. வாய் நீட்டிய பெண்டிரே இன்று ஒரு பூவுக்காக மருமகளார் பின்னால் அலைகின்றனர். இத்தனை பொறுமையும் இத்தனை பிடிவாதமும் ஒரே பெண்ணிடம் கண்டதில்லை என்று அரசமாதா வருவோரிடமெல்லாம் சொல்லி மாய்கிறார்.

ஆகவே அரசமாதா சொல்லியனுப்புவது: இத்தனை நாளும் விருந்துண்டு கொழுத்த சுமப்போருடன் பல்லக்கு வெறுமையாய்த் திரும்புகிறது; வேந்தர் மனம் நோகாது, அதிலேயே தாம் ஏறி எழுந்தருள்க. எல்லைக் காவலர் வாயில் திறந்து எதிர்கொள்க. இஃது ஆணை, இஃது அரசமாதாவின் முத்திரை.

முத்திரையின் கீழே சீர்மங்கையார் தம் கையால் கீறியது: அப்பா, கோபிக்காமல் வாருங்கள். என் வீட்டைப் பார்க்க வேண்டாமா?