வண்டி வாசலில் நிற்கட்டும்

மார்ச் 3, திங்கள்

நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். மூத்த பேத்தி கணக்கில் வகுப்பிலேயே முதல். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி! பேரனுக்கு நீச்சலில் கோப்பை. போனில் வந்த படத்தில் கோப்பைதான் தெரிகிறது, பிள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது. கடைக்குட்டி ஷூ லேஸைத் தானே கட்டுகிறாளாம். அதுவும் சாதனைதான். அவள் அப்பனுக்கு மூன்றாம் வகுப்பு வரை நான்தான் கட்டிவிட்டேன்.

எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் ஓட்டிய காலத்தில் தெருவில் இவருக்கு 'ஹாரன்' என்றுதான் பெயர். குரல் அப்படி. ஈரலில் புற்று, இனி ஆபரேஷனுக்கும் வழியில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இவரிடம் வாய்வுத் தொல்லை என்று சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது வாயையே திறப்பதில்லை. பார்க்க வருகிறவர்கள் "என்ன பொறுமை, என்ன பொறுமை" என்கிறார்கள். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 5

வலி தணிக்கும் குழுவை வீட்டுக்கே அனுப்புகிறோம் என்கிறது ஆஸ்பத்திரி. மகனுக்குப் போன் போட்டேன். "அவங்க வந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம்மா. அப்பாவைக் கைவிட்டுட்டியா?" என்றான் வெடுக்கென்று. தூரத்தில் இருக்கிறவனுக்குக் கோபம்தான் வரும், பாவம்.

ஆனால் இவர் ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு? வரச் சொல்லிவிட்டேன். வண்டியை மட்டும் மருந்துக்கடை முனையில் நிறுத்தச் சொன்னேன். அதன்மேல் 'புற்றுநோய் வலி தணிப்பு சிகிச்சை' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. நாலு பேர் படித்தால் நாளைக்கே துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள்.

மார்ச் 7

நர்ஸ் சின்னப் பெண். வெயிலில் நடந்து வியர்த்துப்போய் வந்தாள். இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "தாத்தா எப்பவும் இவ்வளவு அமைதியா?"

"இவரா? தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

"அப்ப இது பொறுமை இல்ல பாட்டி. வலி. பேசினா வலிக்குது, அதான் பேசல."

அடுப்படிக்குப் போய் நின்றேன். எல்லாரும் மெச்சினாங்களே — நானும் கூடச் சேர்ந்து மெச்சினேனே —

மார்ஃபின் மருந்து கொடுத்திருக்கிறாள். வலி வரும்வரை காத்திருக்காமல் வேளைக்கு வேளை கொடுக்கணுமாம்.

மார்ச் 8

பாதிதான் கொடுத்தேன். பழக்கமாகிவிடும் என்கிறான் மகன். ரொம்ப வலிக்கும்போது கொடுக்க மிச்சம் இருக்கட்டுமே.

மார்ச் 10

பாட்டிலைத் தூக்கிப் பார்த்ததுமே நர்ஸ் கண்டுபிடித்துவிட்டாள். "என்ன பாட்டி, சேமிப்பா?"

பழக்கமாயிடுமே என்று இழுத்தேன்.

"வலிக்கு அளவோட குடுத்தா அந்தப் பயம் வேண்டாம். அளவை நாங்க பார்த்துக்கறோம். அப்படியே ஆனாலும், தாத்தா நாளைக்கு பஸ் எடுக்கணுமா?"

சிரித்துவிட்டேன். பிறகு அழுகை வந்தது. சீக்கிரம் போய்விடுவாரோ என்று கேட்டேன். "அதுக்குக் குடுக்கற மருந்து இல்ல பாட்டி இது. இருக்கற நாள்ல சாப்பிடட்டும், தூங்கட்டும்." மலச்சிக்கல் வரும் என்று அதற்கும் ஒரு மருந்து கொடுத்தாள்.

முழு அளவு கொடுத்தேன்.

மார்ச் 12

தூங்குகிறார். குறட்டை! கல்யாணமான நாளிலிருந்து நான் சபித்த குறட்டை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 14

திட்டினார்! சூப்பில் உப்பில்லையாம். "நோயாளிக்கு நாக்கு இல்லையா? மனுஷன் குடிப்பானா இதை?" ஜன்னல் கம்பி அதிர்ந்தது. உப்பு டப்பாவோடு நின்று அழுதேன். "உப்பு கேட்டா அழறா பாரு" என்று அதற்கும் ஒரு திட்டு.

மார்ச் 17

"அந்தப் பொண்ணு ஏன் வேர்த்து வழிய நடந்து வருது? நம்ம வாசல்ல என்ன பள்ளமா?" என்று கேட்டார்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். வாய்வு இல்லை என்பதையும்.

"கடைசி ட்ரிப்புன்னு டிரைவருக்குத் தெரியாதா? எங்கிட்டயே மறைக்கறா." கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் விடவில்லை.

"வண்டி வாசல்ல நிக்கட்டும்" என்றார்.

மார்ச் 21

வண்டி வாசலுக்கே வந்தது. ஜன்னலோரக் கட்டிலில் இருந்தபடி ஒரே கத்தல்: "ஸ்டியரிங்கை ஒடி! இன்னும் ஒடி! அட, சுவரை இடிக்காதேப்பா! நேராக்கு... போதும், நிறுத்து!"

எதிர்வீட்டுக்காரி பதறி ஓடி வந்தாள். "என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. ஹாரன் ரிப்பேரா இருந்துது, சரியாயிடுச்சு" என்றேன்.

வண்டியில் எழுதியிருந்ததை மெதுவாகப் படித்தாள். அவள் மாமியாரும் படுக்கையில்தான் கிடக்கிறாள். போகும்போது நர்ஸிடம் நம்பர் வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 23

மகனிடம் இவரே பேசினார். "டேய், உங்கம்மா என்னைக் கைவிடல. எனக்குப் பசிக்குது, வந்து பாரு." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். மாசக் கடைசியில் வருகிறானாம்.

சுவரில் இருக்கும் பிள்ளைகள் படத்தைக் காட்டி, "அது பழசு, சின்னதுக்குப் பல்லே இல்ல. புதுசு கேளு" என்றார். "ஷூ தெரியற மாதிரி எடுக்கச் சொல்லு. லேஸை அவளே கட்டியிருக்கணும்."

சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், மனுஷன்.

போனில் அனுப்பினால் இவர் கண்ணுக்குப் பிடிபடாது. மகன் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மூன்று பேரும் நிற்கிற புதுப் படத்தை உடனே தபாலில் போடச் சொல்லவேண்டும்.