அம்மா என்ற வரியில் பூஜ்யம்

அன்புள்ள அக்காவுக்கு,

இது அம்மாவின் கடிதம், கை மட்டும் என்னுடையது. குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டது உனக்குத் தெரியும், இன்னும் மூன்று வாரத்துக்கு அவளால் பேனா பிடிக்க முடியாது, அதனால் அவள் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், நீயும் உன் வேனும் அப்படியே இருக்க வேண்டும் என்று தொடங்கச் சொன்னாள், எழுதிவிட்டேன். அதில் எவ்வளவு உண்மை என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

மாடி வீட்டுப் பல் டாக்டர் காலி செய்துவிட்டார், அவருடைய நோயாளி நாற்காலி இரண்டு நாள் படிக்கட்டில் சிக்கிக் கிடந்தது, நாங்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனோம். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, நான் வாஷர் மாற்றினேன், அம்மாவைக் கேட்டால் அது தானாகவே நின்றது என்பாள். எனக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை வழக்கம் போல, யாராவது ஒருவர் எங்காவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு எனக்குப் போன் போடுகிறார். வேளைக்குச் சாப்பிடுகிறாளா கேளு என்கிறாள், கேட்டாயிற்று. வேனுக்குள் ரொட்டி வாசனை போய்விட்டதா என்கிறாள், பேக்கரிக்கு ஓடிய வண்டி அவ்வளவு சீக்கிரம் மறக்காது என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

இனி விஷயம். வேனைப் படுத்துச் சமைத்துப் பயணம் போகும் வீடாக மாற்ற நீ அனுப்பிய ஒயரிங் படத்தையும் மின்சாதனப் பட்டியலையும் சாப்பாட்டு மேஜையில் விரித்துப் பார்த்தேன். முதலில் அந்தக் கெட்டிலைத் தூக்கிப் போடு. இரண்டாயிரம் வாட் கெட்டில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து நூற்றெழுபது ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதற்குப் பெயர் வெந்நீர் வைப்பது இல்லை, வெல்டிங். கேஸ் அடுப்புதான் இருக்குல்ல, அதுல வச்சுக்கட்டும் என்று அம்மாவும் சொல்கிறாள், அபூர்வமாக நாங்கள் ஒத்துப்போன இடம். கெட்டில் போனால் பெரிய இன்வெர்ட்டரும் தேவைப்படாது. மிச்சத்தைக் கூட்டினேன். ஒரு நாளைக்குப் பிரிட்ஜ் முப்பது ஏஎச், அதாவது ஆம்பியர்-மணி, விளக்குகள் ஐந்து, தண்ணீர் பம்ப் ஒன்று, கூரை விசிறி ஆறு, லேப்டாப்பும் போனும் பத்து, ஆக ஐம்பத்திரண்டு. நண்பர் சொன்னார் என்று நூறு ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று போதும் என்கிறாய். அந்த ரக பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஒரு வருஷத்தில் செத்துவிடும். ஆக கையில் ஐம்பது, தேவை ஐம்பத்திரண்டு. அந்த நண்பரைக் கூட்டத் தெரிந்த வேறு யாரிடமாவது அனுப்பு.

பட்டியலின் கடைசி வரிக்கு வருகிறேன். அம்மா – 0 என்று போட்டிருக்கிறாய். உனக்கு வண்டியில என்னம்மா வேணும்னு நீ போனில் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்கு என்னடி வேணும், ஒரு போர்வை இருந்தா போதும் என்றாள், நீ அதை அப்படியே எண்ணாக்கிப் பட்டியலில் ஏற்றிவிட்டாய். இந்த வீட்டில் இருபத்தைந்து வருஷம் இருந்தவள் செய்யக்கூடாத தப்பு. நம் அம்மா வேண்டாம் என்றால் அது பதில் இல்லை, மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டிய இடம்.

எட்டு மாதமாக அம்மா தூங்கும்போது ஒரு மெஷின் போட்டுக்கொள்கிறாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, மணிக்கு முப்பத்தொரு தடவை என்று சோதனையில் காட்டியது. முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் சின்னப் பெட்டி அது, அதைப் போட்டால் ஒன்றும் பிரச்சினை இல்லை, போடாவிட்டால் இதயத்துக்குக் கெடுதல், பகல் தூக்கத்துக்கும் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதை எழுதாதே, அவ பயந்து பயணத்தையே நிறுத்திடுவா என்றாள். எழுதிவிட்டேன். கோபித்துக்கொண்டு ஒற்றைக் கையால் துண்டு மடிக்கப் போய்விட்டாள், நாலு துண்டையும் மடித்து, பிரித்து, மறுபடி மடிக்கிறாள்.

உன்னோடு வரும் ஆறு வாரமும் மெஷினை வீட்டில் விட்டுவிட்டு வருவது அவள் திட்டம். போன வாரம் மெஷினை எடுத்துப்போக அவள் கட்டி வைத்த பயணப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், எடை குறைந்திருந்தது. திறந்தால் மெஷின் இல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில் உன் வேன் ஜன்னல்களுக்குக் கை உடைவதற்கு முன்பே தைத்து முடித்த திரைகள் எட்டு இருந்தன. கேட்டால், மெஷின் வர்றதுக்கு முன்னாடி நான் தூங்கவே இல்லையாடா என்கிறாள். தூங்கினாள், மூச்சுதான் விடவில்லை.

ஆகவே கணக்கைத் திருத்து. மெஷின் மூன்றரை ஆம்பியர், எட்டு மணி நேரம், இருபத்தெட்டு. மொத்தம் எண்பது. நூற்றைம்பது ஏஎச் லித்தியம் பேட்டரி போடு. மெஷினை நேரே பன்னிரண்டு வோல்ட்டில் ஓட்டும் ஒயர் கிடைக்கிறது, வாங்கி வைத்துவிட்டேன். வண்டி ஓடும்போது என்ஜினிலிருந்து சார்ஜ் ஏற்ற முப்பது ஆம்பியர் சார்ஜர், கூரையில் இருநூறு வாட் சோலார். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் பியூஸ் இருக்க வேண்டும். மெஷினுக்குத் தனிப் பியூஸ், பம்ப்போடு சேர்க்காதே. பேட்டரி இறங்கினால் முதலில் பிரிட்ஜ் நிற்க வேண்டும், கடைசியில்தான் மெஷின். பால் கெட்டால் வேறு பால் வாங்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் மாட்டி எனக்குப் போட்டோ அனுப்பும் வரை அம்மாவை விமானம் ஏற்ற மாட்டேன், டிக்கெட் என்னிடம்தான் இருக்கிறது.

இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்தாள், எண்கள் இருந்த இடத்தில் இரண்டு தடவை படித்தாள். அப்புறம், இருபத்தெட்டு பத்தாதுடா, தண்ணி சூடாக்குற டப்பாவையும் சேர்த்தா எவ்வளவு வரும் என்றாள். காற்றை ஈரமாக்க மெஷினோடு ஒரு தண்ணீர் டப்பா வந்தது, அது இல்லாமல் தொண்டை காய்ந்து போகும். நாலு மாதமாக அது இல்லாமல்தான் போட்டுக்கொண்டிருக்கிறாளாம், அதில் ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரை வேலை விட்டு வரும் வழியில் நான் வாங்கி வர வேண்டும், எனக்கு அலைச்சலாம். ஏன் சொல்லவில்லை என்றேன். நீ கேக்கலையே என்றாள். கேட்கவில்லைதான். உன் பட்டியலைத் திட்டி மேலே எழுதியதை நான் அடிக்கவில்லை, அது எனக்கும் சேர்த்து என்று வைத்துக்கொள்.

டப்பாவோடு ஐம்பத்தாறு வரும், மொத்தம் நூற்றெட்டு. நூற்றைம்பது பேட்டரியை மறந்துவிடு, இருநூறு போடு, ஒரு நாள் செலவு திரும்ப ஏற நாலு மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். தனக்கு வேண்டும் என்று அவள் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது இல்லை, அதனால் எட்டு மணி நேரத்துக்குக் குறைத்து எதையும் கணக்கு பண்ணாதே.

வண்டியை நிதானமா ஓட்டு, உடம்பைப் பாத்துக்கோ, எடுத்த காரியம் நல்லபடி முடியட்டும், நல்லா இரு என்று ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். பேட்டரியில் கை வைக்கும் முன் மோதிரத்தைக் கழற்று, இது நான் சொல்வது. கீழே கோணலாக இருப்பது அவளுடைய இடது கை, பெயருக்குப் பக்கத்தில் எண்ணையும் அவளேதான் போட்டாள்.

அம்மா – 56