பை இல்லாத கதிர்

குட்டிம்மா,

வேறு தாள் அகப்படவில்லை. மக்காச்சோளக் கதிருக்கு மாட்டும் காகிதப் பையைக் கிழித்துத்தான் இதை எழுதுகிறேன். நீ போனை எடுக்காததைப் பற்றி ஒன்றும் கேட்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை உன் பிரசவத்துக்குத் தேதி குறித்திருப்பதாக அம்மா சொன்னாள். "நீங்க பாட்டுக்கு உங்க சோளத்தையே கட்டிக்கிட்டு அழுங்க" என்றும் சொன்னாள். உன் மூத்தவன் பிறந்தபோதும் இதே பருவம்தான்; நான் வரவில்லை.

ஒரு செடியின் மகரந்தத்தை அதன் கதிருக்கே போட்டு, ஏழு தலைமுறையாக ஒரு வம்சத்தை வளர்த்திருக்கிறேன். வர வரக் குட்டையாகி, நோஞ்சானாகிவிட்டது. வேறொரு வம்சத்தோடு சேர்த்தால்தான் ஆளுயரம் வளர்ந்து கதிர் கதிராகத் தள்ளும். அந்த நோஞ்சானுக்கு உன் அம்மா என் பெயரைத்தான் வைத்திருக்கிறாள்.

கதிர் நூல் விடுமுன் பை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் வருகிற மகரந்தமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அந்த வாரம் நான் யாரையும் வரப்பில்கூட நிற்க விட்டதில்லை, உனக்குத் தெரியும்.

இன்று பைக்கட்டை உதவியாளரிடம் கொடுத்தேன். "சார், உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று பதறிவிட்டார்.

வியாழக்கிழமை காலை வந்துவிடுவேன். நீ கதவைத் திறக்காவிட்டாலும் படியில் உட்கார்ந்திருப்பேன். காத்திருப்பது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வரும்.

எண்ணி வைத்த பைகளில் ஒன்று குறைகிறதாம், உதவியாளர் தேடுகிறார். அது உன் கையில் இருக்கிறது. கடைசிச் செடிக்குப் பை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா