எங்கடா படுக்கறது என்று கேட்ட மாமாவுக்கு

அன்பு மாமா,

இப்போது பகல் பதினொரு மணி. வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே ஒன்பது பேர் தூங்குகிறார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரிச் சத்தம் உள்ளே வரும்போது தூரத்து மழை மாதிரி கேட்கிறது. இந்த வீட்டைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நைட் ஷிப்ட் ஆட்களுக்குப் பகல் தூக்கம் விற்கிற கம்பெனி. நம் ஃபேக்டரி டீ பிரேக்கில் நீங்கள் இதைச் சொன்னபோது லைனே சிரித்தது. கழித்த பாகத்தில் ஒட்டுகிற ரிஜெக்ட் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு நாலு கட்டம் வரைந்தீர்கள். என்ன விற்கிறோம், யாருக்கு, எப்படி, எதை வைத்து ஓடும். 'யாருக்கு' என்ற கட்டத்தில் மட்டும் யோசிக்காமல் 'எனக்கு' என்று எழுதினீர்கள். "மொத கஸ்டமர் நான்தான்டா மச்சான். உங்க அக்காவாண்ட சொல்லி வை, தள்ளுபடி வோணும்." அந்தச் சீட்டு என் பர்ஸில் இன்னும் இருக்கிறது.

அந்தக் காலையையும் சொல்லிவிடுகிறேன். ஷிப்ட் முடிந்து வண்டி ஸ்டாண்டில் நின்றோம். "கண்ணு செவந்து கீது மாமா, கொஞ்சம் படுத்துட்டுப் போங்க" என்றேன். "எங்கடா படுக்கறது?" என்று கேட்டுவிட்டு மண்ணூர் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினீர்கள். பாதி வழியில் கண் அசந்து வண்டி கவிழ்ந்துவிட்டது. பக்கத்தில் படப்பையில்தானே என் வீடு? அங்கே வாங்க என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை மாமா?

உங்களுக்கு வருஷம் திரும்பியதும் நானும் எஸ்தர் அக்காவும் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தோம். நான் வேலையை விட்டேன். உங்கள் பேரில் வந்த இன்சூரன்ஸ் பணத்தை அக்கா முழுசாக இதில் போட்டாள். இது ஓடாவிட்டால் அவளும் உங்கள் பாப்பாவும் எங்கே போவார்கள்?

திட்டம் போட்டது நான். பத்து வருஷம் லைனில் நின்றவன் புத்தி எங்கே போகும்? பன்னிரண்டு கட்டில், ஆளுக்கு ஆறு மணி நேரம், ஒருவர் எழுந்ததும் அடுத்தவர். கட்டில் ஒரு நிமிஷமும் சும்மா இருக்கக் கூடாது என்று சுவரில் போர்டு மாட்டி, மணிக்கு மணி எழுதினேன். கையில் ஸ்டாப்வாட்ச் வேறு. சிரிக்காதீர்கள். வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடந்தார்கள். திருநெல்வேலிக்காரர் முருகன், "தூங்குத எடத்துலயும் டார்கெட்டா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. மூன்றாவது மாதம் நாலு பேர்தான் மிச்சம்.

வழி கண்டது அக்கா. அந்த நாலு பேரில் ஒருவர் அரை மணிக்கு ஒரு தரம் போனை எடுத்து மணி பார்ப்பதைக் கவனித்திருக்கிறாள்.

"இன்னாத்துக்குப் பாத்துகினே கீற?"

"இன்னிக்கு ஷிப்ட் மாறுதுக்கா. ரெண்டு மணிக்கு கம்பெனி பஸ்ஸு. அலாரம் அடிச்சாலும் அணைச்சிட்டுத் தூங்கிடுவேன்."

"போனை இப்டி குடு. நான் எழுப்புறேன், நீ தூங்கு."

அன்று அவர் விட்ட குறட்டை மாடி வரைக்கும் கேட்டது.

உங்கள் முதல் கட்டத்துக்கு அன்றைக்குத்தான் பதில் தெரிந்தது. கட்டில் யார் வேண்டுமானாலும் தருவார்கள். எழுப்ப ஒரு ஆள் இருக்கிறார் என்கிற நிம்மதியைத்தான் இவர்கள் தேடுகிறார்கள். போர்டைக் கழற்றினேன். மூன்று கட்டிலைக் குறைத்தேன். மணிக் கணக்கு போய் மாசச் சந்தா வந்தது. பைக்கில் வருகிறவர்கள் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். தூங்கி எழுந்து, டீ குடித்து, கண் தெளிந்த பிறகுதான் சாவி. முருகன்கூடத் திரும்பி வந்துவிட்டார், இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு. பாப்பா புது ஸ்கூலுக்குப் போகிறாள் மாமா.

சில நேரம் மாடிப்படியில் நின்று அவர்கள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதில் ஒன்று உங்களுடையது மாதிரி இருக்கும். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க மாட்டேன்.

அக்கா எல்லோரையும் காலைத் தொட்டு, பேர் சொல்லித்தான் எழுப்புவாள். நேற்று மூன்றாவது கட்டிலில் இருந்தவரிடம் வாய் தவறி, "இன்னாங்க, எழுந்திரிங்க, மணியாயிடுச்சி" என்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் நின்று அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்த அதே வார்த்தை. அந்த ஆள், "எழுந்துட்டேன்க்கா" என்று சட்டையை மாட்டினார். அவருக்கு டீயும் சாவியும் கொடுத்துவிட்டு மாடிக்கு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுந்துட்டான்டா" என்றாள்.

இனி இந்த வீட்டு வாசலிலிருந்து தூக்கக் கண்ணோடு ஒருத்தரும் வண்டி எடுக்க மாட்டார்கள். அது என் பொறுப்பு. நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள் மாமா. ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போகிறவர்களை அக்கா எழுப்புவாள்.

அன்று பதில் சொல்லாத உங்கள் மச்சான்,
சாலமோன்