முந்தின நாளே போய்ப் பார்த்துவருவது

அப்பா,

இன்று மதியம் பல்கலைக்கழகத்திலிருந்து உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நிதியியல் முதுகலைப் படிப்பில், மாலைநேர வகுப்பில், உங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். ‘அன்புள்ள’ என்று தொடங்கி அடுத்து உங்கள் பெயர். வாழ்த்தும் உங்களுக்குத்தான்.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பள்ளிக்கூட நாளிலிருந்து செய்துவருவதுபோல உங்கள் பெயரை அதில் போட்டேன். கணினி அதையே பிடித்துக்கொண்டுவிட்டது. விண்ணப்பம் கிடைத்தது என்று சொன்னதும் உங்களிடம், நேர்முகத்துக்கு அழைத்ததும் உங்களை. அலுவலக மேசையில் உட்கார்ந்தபடி அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போன பிறகு வந்த கடிதங்களில் எல்லாம் உங்கள் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று இருந்தது. இவர்களுக்கு மட்டும் அது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் மருமகனிடம் காட்டினேன். “மாமா பாஸாயிட்டாரு லா! ஃபீஸ் அவரு கட்டுறாரா, நாம கட்டணுமா?” என்றார். நானும் சிரித்தேன். இடத்தை ஏற்கிறேன் என்று இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. உங்கள் பேத்திக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. வாரத்தில் மூன்று மாலை அவள் தூங்கும் நேரத்தில் நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

இதற்குத்தான் அன்றைக்கே ஒரு வழி சொல்லியிருந்தீர்கள்.

இந்தப் படிப்பைப் பற்றிய விளக்கக் கூட்டத்துக்கு நான் வயிற்றில் பிள்ளையோடு போனேன். ரயிலில் தனியாக அனுப்ப மாட்டேன் என்று நீங்களும் கிளம்பிவிட்டீர்கள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் போடுகிற சட்டையை மாட்டிக்கொண்டு, வங்கிக்காரர்கள் நிறைந்த அந்த அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்தீர்கள். வேறு யாரும் அப்பாவைக் கூட்டி வந்திருக்கவில்லை. இடைவேளையில் கறிபஃப்பை டிஷ்யூவில் சுற்றி எனக்கும் ஒன்று எடுத்து வந்தீர்கள். எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது.

திரும்பும் வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கி டீ குடித்தோம். அங்கேதான் கேட்டீர்கள்.

“இப்பயும் கணக்குதான பாக்குற? இதுல புதுசா என்ன இருக்கு?”

“அக்கவுண்ட்ஸ்ல முடிஞ்சுபோனத எழுதுறோம்பா. ஃபைனான்ஸ்ல இனிமே வரப்போறத யோசிக்கணும்.”

“அப்ப நமக்குன்னே வச்ச படிப்புதான். வரப்போறத யோசிச்சு யோசிச்சே நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் முடி கொட்டுது.”

பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்து சிரித்தார். டீயை ஆற்றிக்கொண்டே, யாரோ மூன்றாம் மனிதரின் விஷயம்போல, “சாயந்திரம் பிள்ளைய நான் பாத்துக்குறேன். சாங்கி ஏர்போர்ட்ல ராத்திரி ஷிஃப்டு பாத்தவன்தான, எனக்கு என்ன தூக்கம்?” என்றீர்கள். என் படிப்பு அந்த மேசையில் முடிவானது.

அவள் தவழத் தொடங்குவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். விண்ணப்பத்தை மூடி வைத்தேன். இந்த வருடம் எதற்காக மறுபடி திறந்தேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அலுவலகத்தில் முடிவெடுக்கும் கூட்டங்களுக்கு நான் எண்களை அனுப்புகிறேன். கூட்டத்துக்கு வேறு யாரோ போகிறார்கள். விண்ணப்பக் கட்டுரையில் இதையே நாகரிகமான சொற்களில் எழுதினேன். மகளைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் எடுக்க மாட்டார்களோ என்ற பயம்.

நேர்முகம் வீடியோவில்தான். ஆனாலும் முந்தின நாள் மாலை நான் கிளம்பினேன்.

“வீடியோ இண்டர்வியூக்கு எங்க போயி ட்ரயல் பாக்கப் போற?” என்று கேட்டார் இவர்.

“காலேஜுக்கு.”

“அப்படியே ஒங்க அப்பா!”

உண்மைதான். தொடக்கப் பள்ளியில் சேர்ந்தபோது முந்தின நாளே என்னைக் கூட்டிப் போய், பூட்டியிருந்த வாசலைக் காட்டி, “இதான் கேட்டு. நாளைக்கு இது தொறந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்” என்றீர்கள். முதல் வேலைக்கான நேர்முகத்துக்கும் அப்படியே ரயில், பஸ், கட்டடம், மின்தூக்கி, கழிப்பறை வரைக்கும். “போன்ல மேப் இருக்குப்பா” என்று எரிந்து விழுந்தேன். “லிஃப்டு ரிப்பேருன்னு மேப்புல போடுவானா?” என்றீர்கள். மறுநாள் உண்மையான நேர்முகத்துக்கும் கூட வந்து, நான் இறங்கி வரும்வரை கீழேயே இருந்தீர்கள். இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “சும்மா சுத்திப் பாத்தேன்” என்றீர்கள். நானும் நம்பினேன்.

வீட்டுக்குப் பக்கத்துப் பொங்கோல் நிலையத்தில் ரயில் ஏறி நகரத்தில் இறங்கினேன். வகுப்புகள் நடக்கும் மாடிக்குப் போய், வெளியே ஒரு நீள இருக்கையில் உட்கார்ந்தேன். வழி எனக்குத் தெரியும். நான் பார்க்கப் போனது வேறு. மகள் பிறந்ததிலிருந்து, அவள் தூங்கும் நேரத்தில் நான் பக்கத்தில் இல்லாமல் இருந்ததில்லை. அதைச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வகுப்பு நடந்தது. யாரோ பலகையில் வரைபடம் போட்டார்கள். அலுவலக உடையில் ஒருவன் கொட்டாவி விட்டான். புத்தகம் கொண்டு போயிருந்தும் பிரிக்கத் தோன்றவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன், நிமிர்த்தினேன், மறுபடி கவிழ்த்தேன். அழைப்பு வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் புரிந்தது அப்பா. நீங்கள் எதையும் சுற்றிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வகுப்பு விடும்வரை இருந்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து படியிறங்கி, கூட்டத்தோடு ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். மகள் அவள் அப்பாவின் மார்பில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டையில் எச்சிலும் மூக்குச் சளியும்.

“அழுதாளா?”

“அழுதா.”

“ரொம்ப நேரமா?”

“கேக்காத லா. நிறுத்திட்டா. அதுதான முக்கியம்?” என்றவர், அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, “நானும் கத்துக்கணும்ல, தூங்க வைக்க” என்றார்.

மறுநாள் திரையில் இரண்டு பேராசிரியர்கள், ஓர் ஐயாவும் ஓர் அம்மாவும். எண்கள், சந்தை, என் வேலை என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்டார்: முழுநேர வேலையோடு மாலை வகுப்புகளைச் சமாளிப்பது பலருக்குக் கடினமாக இருக்கிறது, உங்களால் முடியுமா? மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. நேர மேலாண்மை, குடும்பத்தின் ஆதரவு என்றெல்லாம் வரும். அது வாயில் வரவில்லை. “எனக்குச் சின்னக் குழந்தை இருக்கிறாள். நேற்று மாலை உங்கள் வகுப்பறைக்கு வெளியே வந்து உட்கார்ந்து பார்த்தேன். அவள் அழுதாள், பிறகு தூங்கிவிட்டாள். எனக்குத்தான் அவளைவிட அதிக நேரம் பிடித்தது” என்றேன். சொன்னவுடன், இடம் போய்விட்டது என்றே நினைத்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டு, “வேறு யாரும் இப்படி வந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை” என்றார்.

இப்போது இடம் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிலால்தானா என்று தெரியாது. பயம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. அது போன பிறகு போகலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் ஒருநாளும் பயமில்லாமல் எங்கேயும் போனதில்லை. பயத்துக்காக எங்கேயும் போகாமல் இருந்ததும் இல்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்திருப்பது இந்தப் பயந்த சுபாவம்தான் என்று அம்மா குறைபட்டுக்கொள்வாள். இருக்கட்டும். இரண்டாவது பாதியும் சேர்ந்து வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சற்று முன் ஏற்கிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். நாளை இவர் தன் ஷிஃப்டை மாற்றக் கேட்பார். வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போகப் போகிறேன். அந்த மாடியையும் அந்தக் கதவையும் காட்ட வேண்டும். அம்மா எங்கே போகிறாள் என்று அவளும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.