அரை டம்ளர்

என் தம்பி வீட்டு மகாராணிக்கு, உன் நாத்தனார் எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு. நீ அனுப்பின போட்டோவில் ஒட்டடைக் குச்சிக்குச் சேலை சுற்றின மாதிரி இருக்கிறாய்.

சிட்டுவுக்குத் தேவலை. உதட்டு வீக்கம் அன்றைக்கே வடிந்துவிட்டது, மூச்சும் சீராக இருக்கிறது. போன வாரம் ரத்தம் எடுத்தார்கள். ஊசியைக் கண்டதும் உன் புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். உன் மகள், "அப்பா, முடிஞ்சிடுச்சு, திரும்பு" என்றாள். நர்சுகள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு!

இன்று ரிசல்ட் வந்தது. அலர்ஜி அளவு பாலுக்கும் ஏறியிருக்கிறது, முந்திரிக்கும் ஏறியிருக்கிறது. ரத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாதாம். என்ன சாப்பிட்டாள், எத்தனை நிமிஷத்தில் வீங்கியது என்பதும் தெரியணுமாம். தம்பி, "காலையில நான்தான் முதல் தடவையா முந்திரி குடுத்தேன் டாக்டர்" என்றான். பிள்ளைக்கு வீங்கின நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. பாலுக்கு முன்பெல்லாம் தோலில் தடிப்பு மட்டும்தானே வந்தது என்று, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலேயே கொஞ்சம் பால் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. நான் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்திரி காலையில். வீங்கியது மத்தியானம். நடுவில் அரை டம்ளர் பால் நான் கொடுத்தேன். குடித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, உதடு வீங்கிவிட்டது.

ஊருக்குப் போகும்போது, "பால் மட்டும் வேணாம் அண்ணி" என்று நாலு தடவை சொன்னாய். படித்தவள் அலட்டல் என்று கேலி பண்ணினேன். குடிக்க வைத்துவிட்டு உனக்குப் போன் போட்டு ஒரு வாரம் உன்னை ஓட்டலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு இல்லை.

"அம்மாகிட்ட சொல்லாதே" என்று சிட்டுவிடம் சொல்லியிருந்தேன். டாக்டரம்மா கேட்டபோது பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

வீடு திரும்பியும் அழுகை வரவில்லை. சோறு வடித்தேன், துணி மடித்தேன். நாளைக் காலை முதலில் தம்பியிடம் சொல்வேன், பிறகு டாக்டரம்மாவிடம். எவ்வளவு என்று காட்ட டம்ளரையும் எடுத்துப் போகிறேன்.

நீ நன்றாயிரு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அதற்கு முன் பிள்ளைக்குப் போன் போடு. யார் சொன்னாலும், அத்தையே சொன்னாலும், அம்மாவிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று சொல்லு. நானும் சொன்னேன். அத்தை விளையாடுகிறாள் என்று சிரிக்கிறது.

இப்படிக்கு,
உன் அண்ணி