விரலுக்கு அடியில் மூடிய ஓட்டைகள்

அன்பு மகள் பூங்குழலிக்கு அப்பா எழுதுவது. மரக்காணத்தில் நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். மழை விட்டு உப்பளத்தில் பாத்தி கட்டியாகிவிட்டது, முதல் உப்பு வெள்ளையாக இறங்கியிருக்கிறது. போனில் உன் குரல் கேட்டால் சொல்ல வந்ததை விட்டு வேறு எதையோ பேசி வைத்துவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பீடியை விட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா, அது பாதி உண்மை. அந்த வாரமே பில்டர் சிகரெட்டுக்கு மாறிவிட்டேன், பஞ்சு வைத்தது கெடுதல் இல்லை என்று நினைப்பு. வெறும் காற்றை உறிஞ்சுவது போல இருந்ததால் அழுத்தி இழுத்தேன், எண்ணிக்கையும் கூடியது. பீடி குடிக்கும்போதுகூட கன்னம் இப்படி ஒட்டியதில்லை என்று அம்மா சொன்னாள், நான் காதில் வாங்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் உப்பளத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். அதற்கு வந்த டாக்டரம்மா திட்டவில்லை, எப்போதும் பிடிப்பது போல ஒரு சிகரெட்டைப் பிடித்துக் காட்டச் சொன்னார். பிறகு அதை வாங்கி வெயிலில் தூக்கிக் காட்டினார், பஞ்சைச் சுற்றிய தாளில் ஊசி முனை அளவு ஓட்டைகள். “காத்து கலக்கறதுக்குன்னு வெச்ச ஓட்டைங்க இது. நீங்க விரலால மூடிக்கினு, பத்தலன்னு இன்னும் ஆழமா இழுக்கறீங்க. நெஞ்சுக்கு பீடியும் இதுவும் ஒண்ணுதாங்க” என்றார். அவர் முன்னால் வெட்கப்படவில்லை, உன்னிடம் பொய் சொன்னதுதான் சுட்டது.

அன்றே நிறுத்தினேன். முதல் வாரம் குழம்பில் குற்றம் சொல்லி அம்மா மேல் எரிந்து விழுந்தேன், அவள் சிரித்தே சமாளித்தாள். நடுவில் ஒரு நாள் உப்பளத்தில் கூட வேலை செய்யும் அசோகனிடம் ஒன்று வாங்கிப் பற்றவைத்தேன், பாதியில் எறிந்துவிட்டேன், அதையும் மறைக்கவில்லை. போன ஞாயிறு பெருமுக்கல் மலை ஏறினோம், வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது அம்மாதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

வீடியோவில் பேசும்போது மாப்பிள்ளை கையில் ஒல்லியான சிகரெட் பார்த்தேன். நீ சண்டை போடாதே, நான் சொன்னதாகவும் சொல்லாதே. குழந்தைக்கு என் முத்தம், மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் உள்ளே எடுத்து வைக்காமல், அவர் டீ குடிக்கிற மேசை மேல் மறந்தாற்போல விட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
காசிலிங்கம்